“நீங்களும் உட்காருங்கம்மா”

கேள்வி: தோட்டத்தை விட்டுத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு வந்து நான்கு வருடம் ஆகிறது. மகனுக்கு 13 வயது, படிவம் ஒன்று. மகளுக்கு 9. போன மாதம் பெரியம்மா மகன் டெலிகிராமில் அனுப்பிய ஒரு தமிழ் திரில்லர் படத்தை மகன் டிவியில் போட்டுப் பார்த்தான். மனநல மருத்துவமனையிலிருந்து தப்பித்த ஒருவன் பள்ளிப் பிள்ளைகளைக் கடத்திக் கொல்கிற கதை. தியேட்டரில் அதற்கு 16 என்று போட்டிருந்தார்களாம். “நீங்களும் உட்காருங்கம்மா” என்று இரண்டு தடவை கூப்பிட்டான். துணி மடித்துக்கொண்டிருந்ததால் போகவில்லை. மகளும் பக்கத்தில்தான் இருந்தாள். இப்போது இன்னொரு முறை பார்க்கட்டுமா என்று கேட்கிறான். “கூட்டாளிங்க எல்லாம் பார்த்துட்டாங்க, விடு” என்கிறார் கணவர். இந்த வயதுக்கு இந்தப் படம் சரியா?
– ஓர் அம்மா, சுங்கை சிப்புட்

பதில்: மகளுக்குக் கூடவே கூடாது. மகனுக்கும் இப்போது வேண்டாம். நீங்கள் கேட்டதற்குப் பதில் அவ்வளவுதான், சகோதரி. ஆனால் உங்கள் கடிதத்தை நான் மூன்று முறை படித்தது துணி மடித்த அந்த ஒரு வரிக்காக.

13 வயதுப் பையன் அம்மாவைக் கூட உட்காரச் சொல்லிப் படம் பார்ப்பானா? நாம் அந்தப் பக்கம் போனாலே “என்னம்மா?” என்று முறைக்கிற வயது. அவன் இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறான். பயந்துவிட்டான். பயமாக இருக்கிறது என்று சொல்ல வெட்கம். பக்கத்தில் தங்கை, அவள் முன்னால் அண்ணன் என்கிற வீறாப்பு வேறு. படத்தை நிறுத்தவும் மனம் வராது, அப்படி இழுத்துப் பிடித்து உட்கார வைக்கத்தானே எடுத்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் அவன் கையில் இருந்த ஒரே வழி, அம்மா. அவன் உங்களிடம் கேட்டான். நீங்கள் ஒரு மாதம் கழித்து என்னிடம் கேட்கிறீர்கள்.

வேலை என்று சொல்லாதீர்கள். என் அம்மா விடியுமுன்னே எழுந்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போனவர். தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் போடும் இரவுகளில், பாயை விரித்து என்னை மடியில் வைத்துக்கொண்டு கடைசி வரை உட்கார்ந்திருப்பார். வில்லன் வந்தால் என் காதில், “இப்ப அடிப்பான், ஆனா அந்தப் பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது” என்பார். கண்ணை மூடுவதற்கும் திறப்பதற்கும் அந்தக் குரல்தான் எனக்குக் கணக்கு. மறுநாளும் அவருக்கு வெட்டு இருந்தது.

சரி, படத்துக்கு வருவோம். 2023 ஆகஸ்ட் 1 முதல் நம் மலேசியத் திரைப்படத் தணிக்கை வாரியம் யு, பி12, 13, 16, 18 என்று வயதைப் பிரித்திருக்கிறது. 16 என்றால் 16 வயது நிரம்பியவர்களுக்கு. தியேட்டரில் உள்ளே விடாத பையனை உங்கள் ஹாலில் உட்கார வைத்தது டெலிகிராம். அதில் வரும் களவுப் படத்துக்கு வயதும் கிடையாது, வாசலில் டிக்கெட் பார்க்கிற ஆளும் கிடையாது. அந்த ஆள் நீங்கள்தான். காசு கட்டிப் பார்க்கிற தளங்களில் பிள்ளைக்குத் தனிக் கணக்கு வைத்து வயது வரம்பு போடலாம், உங்கள் கணக்குக்கு ரகசிய எண் வைத்துப் பூட்டலாம். ஐந்து நிமிட வேலை, இன்றே செய்யுங்கள். அது தளங்களுக்கு மட்டும்தான் பூட்டு, டெலிகிராமுக்கு இல்லை.

பேய்ப் படத்தில் பேய்க்கு ஒரு முகம் இருக்கிறது. பூசாரி விரட்டினால் போய்விடும். இந்த மாதிரிப் படத்தில் பயம் பக்கத்து வீட்டு மாமா மாதிரி, பள்ளி வேன் ஓட்டுகிறவர் மாதிரி வருகிறது. 9 வயதுப் பிள்ளைக்குக் கதை புரியாது. அடைத்து வைத்த அறையும் அந்தச் சிரிப்பும் மட்டும் மனத்தில் தங்கும். 13 வயதுக்குக் கதை புரியும், அங்கே ஆபத்து வேறு. கொலைகாரன் நடந்து வரும்போது என்ன இசை போட்டார்கள்? கேமரா அடிபடுகிற பிள்ளையின் பக்கம் நிற்கிறதா, அடிக்கிறவன் கண்ணால் பார்க்கிறதா? படம் முடிந்ததும் பையன் யாரை மாதிரி நடந்து காட்டுகிறான்? ரத்தம் எவ்வளவு என்பதைவிட நான் இதைத்தான் முதலில் பார்ப்பேன்.

இன்னொன்றும் எனக்கு ஆறவில்லை. மனநோயாளி என்றால் கொலைகாரன் என்கிற கதை. உங்கள் ஊரிலிருந்து தஞ்சோங் ரம்புத்தான் எவ்வளவு தூரம்? 1911இல் திறந்த மனநல மருத்துவமனை அங்கே இன்றும் வைத்தியம் பார்க்கிறது. நாமோ அந்த ஊர்ப் பெயரையே வசவாக்கி வைத்திருக்கிறோம். மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு ஒழுங்காக வேலைக்குப் போகிறவர்கள் உங்கள் தாமானிலும் இருப்பார்கள். உங்கள் மகள் நாளைக்கு அவர்களில் ஒருவரைப் பார்த்து ஓடினால், அது இந்தப் படம் சொல்லிக் கொடுத்தது. அப்படி இல்லை என்று சொல்லிக் கொடுக்க வீட்டில் ஆள் இருந்தும், அந்த நேரத்தில் பக்கத்தில் இல்லை.

உங்கள் கணவரிடம் இந்தப் பக்கத்தைக் கொடுங்கள். அய்யா, கூட்டாளிகளின் அப்பாக்கள் விட்டார்கள் என்பது உங்கள் பிள்ளைக்கு நீங்கள் செய்ய வேண்டிய முடிவு ஆகாது. “விடு” என்று சொன்ன நீங்களும் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை என்றே நினைக்கிறேன்.

மகன் மறுபடி பார்க்கக் கேட்பதை ஆசை என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். பயந்த இடத்துக்கே திரும்பிப் போய், இந்தத் தடவை பயப்படாமல் இருக்க முடியுமா என்று பார்க்கிற பிள்ளைகள் உண்டு. அதனால் திட்டாதீர்கள், கைப்பேசியைப் பிடுங்காதீர்கள். அதைச் செய்தால் அடுத்த படத்துக்கு உங்களைக் கூப்பிட மாட்டான். அவன் பள்ளியில் இருக்கும் ஒரு நாள் நீங்கள் தனியாக அந்தக் கதையை முழுதாகத் தெரிந்துகொள்ளுங்கள். தளத்தில் கிடைத்தால் பாருங்கள், இல்லாவிட்டால் பார்த்தவர்களிடம் கேளுங்கள். அப்புறம் சனிக்கிழமை இரவு மகள் தூங்கியதும் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, “அன்னைக்கு எந்த இடத்துலடா என்னைக் கூப்பிட்ட?” என்று கேளுங்கள். அவன் சொல்லி முடிக்கிற வரை குறுக்கே பேசாதீர்கள். துணி கூடையிலேயே கிடக்கட்டும்.