நாகர்கோவிலிலிருந்து லண்டன் எவ்வளவு தூரம்? போய்ச் சேர எத்தனை மணி நேரம் ஆகும்?

நம்ம மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. அதனால் திருவனந்தபுரத்திலிருந்து கணக்குப் போடுவோம்.

அங்கிருந்து லண்டனுக்கு வான்வழித் தூரம் ஏறக்குறைய 8,400 கிலோமீட்டர். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகம் என்றால் ஒன்பதரை மணி நேரத்தில் போய்விடலாம். ஆனால் அது காகிதக் கணக்குதான். துபாய், அபுதாபி, தோஹா என்று எங்காவது மாறித்தான் போகவேண்டும். துபாய்க்கு நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல், அங்கிருந்து லண்டனுக்கு ஏழு, ஏழரை. நடுவில் காத்திருப்பு மூன்று மணி நேரம் என்று வையுங்கள், மொத்தம் பதினைந்து. திரும்பும்போது மேலைக்காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் பறக்கும் நேரம் சற்றுக் குறையும்.

டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். லண்டன் நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்னால், கோடையில் நாலரை. அதிகாலை 4 மணிக்குக் கிளம்பினால், குளிர்காலத்தில் அங்கே அன்றே மதியம் 1.30க்கு இறங்குவீர்கள்.

பலரும் கணக்கில் விடுவது தரைப் பயணத்தைத்தான். நாகர்கோவிலிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். பகலில் மார்த்தாண்டம், களியக்காவிளை, நெய்யாற்றின்கரை நெரிசலைத் தாண்ட இரண்டு மணி நேரத்துக்கு மேலேயே ஆகும். அப்புறம், டிரைவரிடம் சாக்கை பக்கமுள்ள சர்வதேச முனையம் என்று சொல்லுங்கள். சங்குமுகம் பக்கம் இருப்பது உள்நாட்டு முனையம்.