மின்னூலகத்தில் வாசகருக்கு என்ன வேலை? – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். காரைக்குடிப் பக்கம் எங்கள் ஊரில் அறுபது ஆண்டு பழைய வாசகசாலை ஒன்று இருக்கிறது. அங்கே கிடந்த சிற்றிதழ்கள், பள்ளி ஆண்டு மலர்கள், கும்பாபிஷேக மலர்கள், பழைய நூல்கள் என ஏறக்குறைய 900 தலைப்புகளை நண்பர்கள் ஆறு பேர் சேர்ந்து ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றியிருக்கிறோம். உரிமை முடிந்தவையும் அனுமதி கிடைத்தவையும் மட்டும்தான். வாசகர்கள் கூடிப் பேசும் இடமாகவும் இருக்கட்டுமே என்று விருப்பக்குறி, நட்சத்திர மதிப்பீடு, பின்னூட்டம் எல்லாம் வைத்தோம். நான்கு மாதத்தில் வந்தவை 11 பின்னூட்டங்கள். பாதிக்குப் பாதி ‘பிடிஎஃப் கிடைக்குமா’. மற்றவை பெரும்பாலும் ‘அருமை’, ‘நன்றி’ வகை.

தமிழ் வாசகர்கள் எதிலும் பங்கெடுக்க மாட்டார்கள், எல்லாவற்றையும் எடுத்துவிடலாம் என்கிறார்கள் நண்பர்கள். பக்கங்களைத் திருத்தும் வசதியையே வாசகருக்குக் கொடுத்துப் பார்க்கலாம் என்பது என் எண்ணம். கண்டவர்கள் புகுந்து கெடுத்துவிட்டால் என்ன செய்வது என்ற பயமும் இருக்கிறது. உங்கள் கருத்து வேண்டும்.

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் தளத்தை இரண்டு இரவுகள் உட்கார்ந்து பார்த்தேன். பக்கங்கள் கோணாமல், விளிம்பு வெட்டுப்படாமல் வந்திருக்கின்றன. பொறுமையாகச் செய்த வேலை என்று பார்த்ததுமே தெரிகிறது.

அந்த 11 பின்னூட்டங்களையும் படித்தேன். பிடிஎஃப் கேட்டவர்கள்மேல் உங்களுக்கு அலுப்பு. என் கைப்பேசியில் திறந்தால் பதிவிறக்கும் பொத்தான் திரைக்கு வெளியே போய்விடுகிறது. அவர்கள் கேட்டது நியாயம்தான். ஆனால் நான் அதிக நேரம் நின்றது வேறோர் இடத்தில். 1961 பள்ளி மலரில் ஒரு குழுப்படம் இருக்கிறது. கீழே ‘அமர்ந்திருப்போர், இடமிருந்து வலம்’ என்று தொடங்கி மூன்றாவது பெயரோடு அச்சு மங்கிவிட்டது. அதன் அடியில் ஒருவர், ‘நிற்பவர்களில் வலது கோடியில் இருப்பவர் என் தாத்தா, இந்தப் படத்தை இப்போதுதான் முதல்முறை பார்க்கிறேன்’ என்று எழுதியிருக்கிறார். மூன்று மாதம் ஆகிறது. யாரும் பதில் சொல்லவில்லை.

தமிழ் வாசகர்கள் பங்கெடுக்க மாட்டார்கள் என்பதை நான் ஏற்கமாட்டேன். 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரம், தமிழ் நூல்களை மின்னுரையாக்கி இலவசமாகத் தரத் தொடங்கிய மதுரைத் திட்டத்தை நினைத்துப் பாருங்கள். யூனிகோடு பரவாத காலம். ஒருவர் தட்டச்சு செய்த தமிழ் இன்னொருவர் கணினியில் பூச்சி பூச்சியாகத் தெரியும். அப்போதும் பல நாடுகளில் இருந்த தமிழர்கள் சம்பளமில்லாமல் சங்க இலக்கியத்தையும் பக்தி நூல்களையும் தட்டச்சு செய்து கொடுத்தார்கள். இன்றும் அந்தக் கோப்புகளைத் திறந்தால், நூலுக்கு முன்னால் தட்டச்சு செய்தவர் பெயரும் மெய்ப்பு பார்த்தவர் பெயரும் இருக்கும். சீவக சிந்தாமணியை 1887-ல் பதிப்பித்த உ.வே.சா.வும் ஏடு தந்தவர்களின் பெயர்களை முன்னுரைகளில் எழுதி வைப்பவர்தான். பலர் கை சேர்ந்து ஒரு நூலை உருவாக்குவது நமக்குப் பழக்கமான காரியம்.

விருப்பக்குறி போட்டால் மட்டும் ஏன் யாரும் வருவதில்லை? அது ஒரு வேலையே இல்லை, அதனால்தான். வாசகசாலைப் புத்தகம் தனக்கான ஒரே ஒரு ஆளுக்காகப் பத்து வருடம்கூடக் காத்திருக்கும். அதன் பக்கத்தில் ‘0 விருப்பம்’ என்று எழுதி வைப்பது, யாருக்கும் வேண்டாத புத்தகம் என்று பலகை மாட்டுவதுபோல. முதலில் அதை எடுத்துவிடுங்கள். நட்சத்திரத்தையும் எடுங்கள். ஒரே ஒருவர் கொடுத்த இரண்டு நட்சத்திரத்தை மதிப்பீடு என்று சொல்ல முடியாது.

திருத்தும் வசதியைத் தரலாமா என்று கேட்டீர்கள். கட்டாயம் தாருங்கள். இதற்கு ஆஸ்திரேலியாவைத்தான் காட்டுவேன். அந்நாட்டுத் தேசிய நூலகம் பழைய செய்தித்தாள்களை ஸ்கேன் செய்து, எழுத்துணரி மென்பொருள் படித்துக் கொடுத்த உரையோடு இணையத்தில் வைத்தது. நூறு வருடத்து அச்சு, மங்கிய தாள். உரை முழுக்கப் பிழை. எல்லாவற்றையும் நூலகமே திருத்துவது நடக்கிற காரியமில்லை. 2008-ல் திருத்தும் உரிமையை வாசகர்களுக்கே திறந்துவிட்டார்கள். படம் ஒரு பக்கம், உரை ஒரு பக்கம். ஒரு வரியைத் திருத்திச் சேமித்தால் போதும். கணக்குத் தொடங்க வேண்டும் என்றுகூட இல்லை. முதல் ஆறு மாதத்தில் ஒரு லட்சம் கட்டுரைகளில் 20 லட்சம் வரிகள் திருத்தப்பட்டன. பொறுப்பாக இருந்த ரோஸ் ஹாலி எழுதிய அறிக்கையில், அதுவரை யாரும் வேண்டுமென்றே கெடுத்ததாகக் கண்டுபிடிக்கப்படவில்லை என்று இருக்கிறது. இன்று ட்ரோவ் என்ற பெயரில் அந்தச் சேவை நடக்கிறது, திருத்துகிறவர்களும் இருக்கிறார்கள்.

அவர்களில் பலர் குடும்ப வரலாறு தேடி வந்தவர்கள். பிறப்பு, திருமணம், இறப்பு அறிவிப்புகளில் தன் கொள்ளுப்பாட்டி பெயரைத் தேடி வருவார்கள். பெயரில் ஓர் எழுத்து தப்பாக இருக்கும், திருத்துவார்கள். அடுத்த வரியும் தப்பாக இருக்கும், அதையும் திருத்துவார்கள். கொஞ்ச நேரத்தில் முன்பின் தெரியாத யாரோ ஒருவருடைய கொள்ளுப்பாட்டிக்காக உழைத்துக்கொண்டிருப்பார்கள். இதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி. திருத்திய சொல் அடுத்தவர் தேடும்போது அகப்படுகிறது. கூடிப் பேசும் இடம் என்று நீங்கள் எழுதியிருந்தீர்களே, அது இப்படித்தான் உண்டாகும் என்று நம்புகிறேன்.

உங்கள் தளத்துக்கு இது எவ்வளவு தேவை என்று ஓர் உதாரணம். ‘ஊருணி’ என்று தேடினேன். இரண்டு இதழ்கள்தான் வந்தன. ஊருணியைப் பற்றி முழுக் கட்டுரை இருக்கும் இதழ் வரவில்லை. திறந்து பார்த்தால் மூன்று சுழி இரண்டு சுழியாகி, ‘ஊருனி’ என்று பதிவாகியிருக்கிறது. தமிழ்நாட்டு அரசு 1978-ல் எழுத்துச் சீர்திருத்தத்தைக் கொண்டுவருவதற்கு முன்பு அச்சான புத்தகங்களில் இந்தச் சிக்கல் இன்னும் அதிகம். அந்தக் காலத்து லை, னை, றா, ணா எல்லாம் வேறு வடிவம். மென்பொருள் அவற்றைக் கண்டபடி படிக்கும். துணைக்காலை (ா) ‘ர’ என்று எடுத்துக்கொள்ளும். சொரசொரப்பான தாளில் புள்ளி போய், மெய்யெழுத்து உயிர்மெய்யாகிவிடும். ஆனால் உங்கள் ஊரில் எழுபது வயதான ஓய்வுபெற்ற ஆசிரியர் யாராவது இருப்பார். பழைய எழுத்தைத் தடையில்லாமல் படிப்பார். பேரனோ பேத்தியோ தட்டச்சு செய்தால் போதும்.

கெடுத்துவிடுவார்கள் என்ற பயத்துக்கு, தன்னார்வலர்கள் பழைய நூல்களை மெய்ப்பு பார்த்து ஏற்றும் விக்கிமூலம் என்ற தளத்தில் நல்ல ஏற்பாடு இருக்கிறது. மெய்ப்பு பார்க்காத பக்கம் சிவப்பு. ஒருவர் பார்த்து முடித்தால் மஞ்சள். இன்னொருவர் மறுபடி சரிபார்த்தால்தான் பச்சை. மஞ்சளாக்கியவரே பச்சையாக்க முடியாது. பழைய வடிவம் எல்லாம் அப்படியே சேமிப்பில் இருக்கும், தவறு நடந்தால் பின்னால் போய்விடலாம். மூலப் படம் எப்போதும் பக்கத்திலேயே இருப்பதால் சந்தேகம் வந்தால் யாரும் ஒப்பிட்டுக்கொள்ளலாம். இந்த மூன்றும் இருந்தால் பயப்பட வேண்டியதில்லை.

படங்களுக்கு வேறு முறை வேண்டும். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2008 ஜனவரியில் சுமார் 3,000 பழைய புகைப்படங்களை ஃப்ளிக்கர் என்ற படப் பகிர்வுத் தளத்தில் வைத்தது. பல படங்களுக்குப் பெயரும் இடமும் அரைகுறை. பார்த்தவர்கள் பின்னூட்டத்தில் எழுதினார்கள், பழைய பத்திரிகைச் செய்தியைத் தேடி எடுத்து ஆதாரமாகவும் வைத்தார்கள். நூலக ஊழியர்கள் அவற்றைச் சரிபார்த்து, அந்த ஆண்டுக்குள்ளேயே 500-க்கும் மேற்பட்ட பட்டியல் பதிவுகளில் புதிய தகவலைச் சேர்த்தார்கள். நீக்கவேண்டிய அளவுக்கு முறைகேடானவை 25-கூட இல்லை. இதில் வாசகர் சொன்னது நேராகப் பட்டியலுக்குள் போகவில்லை, நடுவில் ஒருவர் படித்துப் பார்த்தார் என்பதைக் கவனியுங்கள். எழுத்துப் பிழைக்கு மூலப் படமே சாட்சி. ‘இவர்தான் அவர்’ என்பதற்கு விசாரிக்க ஓர் ஆள் வேண்டும்.

அந்த ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். ஒரு மின்னூலகத்தில் ஓர் இதழின் ஆண்டு தவறாக இருந்தது. அட்டையிலேயே சரியான ஆண்டு இருக்கிறது என்று படத்தோடு எழுதினேன். இரண்டு வருடம் ஆயிற்று. பதிலும் இல்லை, திருத்தமும் இல்லை. அதன் பிறகு அங்கே நான் வேறு பிழைகளைக் கண்டபோதும் எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும், ஆனால் கை வரவில்லை. உங்கள் ஆறு பேரில் ஒருவர் வாரம் ஒரு மணி நேரம் இதற்கென்றே ஒதுக்குங்கள். நிரல் எழுதுவதைவிட இது கடினம், தெரிந்தே சொல்கிறேன்.

குறிச்சொற்களை வாசகர் விருப்பம்போல் இடட்டும். நூல்களை நீங்கள் பொருள்வாரியாகப் பிரித்த அட்டவணையோடு மட்டும் கலக்காதீர்கள்.

அப்புறம், ஒன்றை மட்டும் செய்யவே கூடாது. ‘இந்தப் புத்தகத்தை இவர்கள் படிக்கிறார்கள்’ என்று காட்டும் வசதி பற்றி உங்கள் தளத்தில் அறிவிப்பு பார்த்தேன். வேண்டாம். சின்ன ஊர். ஒரு பெண் மனநோய் பற்றிய நூலைத் திறக்கலாம், ஒரு பையன் தன் சாதிக்காரர்கள் விரும்பாத நூலைப் படிக்கலாம். யார் என்ன எடுத்தார் என்பதை வெளியே சொல்லாததால்தான் நூலகத்துக்குள் தைரியமாகப் போகிறோம். திருத்தியவர் பெயரை, அவர் சம்மதித்தால், நூலின் தலையிலேயே போடுங்கள். படித்தவர் பெயரைச் சேமிக்கவே வேண்டாம்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திறக்காதீர்கள். அந்த 1961 மலரை மட்டும் எடுத்து, வாசகசாலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்துப் பேரை உட்காரவைத்துத் தொடங்குங்கள். எனக்கும் பத்துப் பக்கம் ஒதுக்கி வையுங்கள், வீட்டிலிருந்தே பார்த்துத் தருகிறேன். அதற்கு முன்னால், தாத்தாவைக் கண்டுபிடித்தவருக்கு இன்றைக்கே பதில் எழுதி, மங்கிப்போன வரியில் தாத்தாவின் பெயர் என்ன என்று கேளுங்கள்.

அன்புடன்.