பீருக்காக ஒரு ஜெர்மனிப் பயணம்: கடன் வேண்டாம், கார் 6 நாள் போதும்

கேள்வி: நானும் கணவரும் கோவையில் வேலை பார்க்கிறோம். இருவருக்கும் சேர்த்துக் கைக்கு வருவது மாதம் ₹1.35 லட்சம், வீட்டுக்கடன் இ.எம்.ஐ ₹38,000. அவசரத்துக்கென்று எஃப்.டி.யில் ₹4 லட்சம் இருக்கிறது. அதுபோகப் பயணத்துக்காகவே ₹3.3 லட்சம் சேர்த்திருக்கிறோம். வரும் செப்டம்பரில், அதாவது இன்னும் 8 மாதத்தில், ஜெர்மனியின் பவேரியாவில் 10 இரவுகள் காரில் சுற்றி அந்தந்த ஊர்ச் சாப்பாட்டையும் பீரையும் ருசிக்க ஆசை. டிராவல்ஸில் எல்லாம் சேர்த்து ₹5.8 லட்சம் பேக்கேஜ் சொல்கிறார்கள். குறைகிற ₹2.5 லட்சத்துக்கு 16% வட்டியில் 24 மாதக் கடனும் அவர்களே வாங்கித் தருவார்களாம். எடுக்கலாமா? இருவருமே கார் ஓட்டுவோம், இருவருமே பீர் குடிப்போம்.
- வாசகி, கோயம்புத்தூர்

பதில்: உங்கள் பட்ஜெட்டை ஏற்றவோ இறக்கவோ போவது உங்கள் கேள்வியின் கடைசி வாக்கியம்தான்: இருவருமே ஓட்டுவோம், இருவருமே குடிப்போம். அதற்கு முன் கடனை முடித்துவிடுவோம்.

₹2.5 லட்சம், 16%, 24 மாதம் என்றால் இ.எம்.ஐ சுமார் ₹12,240. மொத்த வட்டி ஏறக்குறைய ₹43,800. பிராசஸிங் கட்டணம் தனி. ஒரு யூரோவை ₹105 என்று வைத்துக்கொண்டால் (கீழே வரும் எல்லாக் கணக்கும் இதே விலையில்தான்) வட்டி மட்டும் 417 யூரோ. கிராமத்து விடுதியில் அரை லிட்டர் பீர் 4.50 யூரோ என்று போட்டால் 92 கிளாஸ். நாளுக்கு ஆளுக்கு இரண்டு வீதம் 10 நாளில் நீங்கள் இருவரும் குடிக்கப்போவதே 40 கிளாஸ்தான்.

அந்த ₹12,240-ஐ இந்த மாதமே ஆர்.டி.யில் போடத் தொடங்குங்கள். 8 மாதத்தில் வட்டி சேர்க்காமலே ₹97,920. கையில் இருப்பதோடு சேர்த்தால் ₹4.28 லட்சம். பயணத்தை இதற்குள் அடக்கலாம், ருசியில் கைவைக்காமலே. எஃப்.டி. பக்கம் போகவே வேண்டாம்.

உங்கள் ஆசைக்கு ஏற்ற பகுதி மியூனிக்கோ ஆல்ப்ஸ் அடிவாரமோ அல்ல. பவேரியாவின் வடக்கே உள்ள ஃபிராங்கோனியா, குறிப்பாக பாம்பெர்க், ஃபோர்க்ஹைம், இரண்டுக்கும் கிழக்கே உள்ள மலைக்கிராமங்கள். இங்கே ஊருக்கு ஊர் சிறு ப்ரூவரி, அதோடு ஒட்டிய சாப்பாட்டுக்கடை, அதற்கு மேல்மாடியில் ஐந்தாறு அறைகள். காஸ்ட்ஹோஃப் என்பார்கள். காலைச் சாப்பாட்டோடு இருவர் அறை 80 முதல் 95 யூரோவுக்குள் கிடைக்கும். குடித்த இடத்திலேயே படியேறித் தூங்கலாம். உங்கள் பயணத்துக்கு இதைவிடப் பெரிய சிக்கனம் வேறில்லை.

காரணம் இதுதான். ஜெர்மனியில் ஓட்டுநருக்கான வரம்பு ரத்தத்தில் ஆயிரத்துக்கு 0.5 பங்கு ஆல்கஹால். நம் ஊரின் 0.3-ஐ விடக் கூடுதல்தானே என்று நிம்மதி அடைய வேண்டாம். தடுமாறி ஓட்டினாலோ விபத்து நடந்தாலோ அங்கேயும் 0.3-லேயே குற்ற வழக்கு வரலாம். 5% பீர் அரை லிட்டரில் சுமார் 20 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. 75 கிலோ ஆணுக்கு ஒரு கிளாஸிலேயே 0.38 வரை ஏறும். 58 கிலோ பெண்ணுக்கு 0.57, அதாவது ஒரே கிளாஸில் வரம்பு தாண்டிவிடுகிறது. உடல் அதை மணிக்கு 0.1 முதல் 0.15 வரைதான் குறைக்கும். இரவு 10 மணி வரை நான்கு கிளாஸ் குடித்தவர் மறுநாள் காலை 8 மணிக்கு வண்டியை எடுத்தால் வரம்பை ஒட்டியோ மேலேயோ இருக்க வாய்ப்புண்டு. குளியலும் காபியும் எதையும் மாற்றாது. போக் வகை பீர் 6.5 முதல் 7 சதவீதம் இருக்கும். அதில் இரண்டு கிளாஸை மூன்றாகவே எண்ணுங்கள்.

முதல்முறை பிடிபட்டால் 500 யூரோ அபராதம், ஒரு மாதம் அங்கே ஓட்டத் தடை. 1.1-க்கு மேல் போனால் கிரிமினல் வழக்கு. பணக்கணக்கில் அபராதம் சின்ன விஷயம். குடித்து ஓட்டி இடித்தால் வாடகைக் காருக்கு நீங்கள் காசு கொடுத்து வாங்கிய காப்பீடு கைவிட்டுவிடும். வண்டியின் சேதம் முழுக்க உங்கள் தலையில் விழலாம். எதிர்த்தரப்புக்குக் கொடுத்த நஷ்டஈட்டிலும் 5,000 யூரோ வரை காப்பீட்டு நிறுவனம் உங்களிடம் திருப்பிக் கேட்கலாம். நம் ஊரில் எடுத்துப்போகும் டிராவல் இன்ஷூரன்ஸும் பொதுவாக மதுபோதையில் நடந்ததற்குப் பணம் தராது. இருவரும் சேர்ந்து ஐந்து வருடம் சேர்ப்பதை ஒரு மாலையில் தொலைக்கும் வழி இது.

ஆகவே 10 நாளும் கார் வேண்டாம், நடுவில் 6 நாள் போதும். மியூனிக்கில் இறங்கி ரயிலில் நியூரம்பர்க் போங்கள். அங்கே இரண்டு இரவு. பிறகு நகரக் கிளையில் காரை எடுங்கள். விமான நிலையத்தில் எடுத்தால் கூடுதல் கட்டணம் வரும், ஆனால் நகரக் கிளைகள் ஞாயிறு பூட்டியிருக்கும், சனி பிற்பகலிலும் அநேகமாக அப்படித்தான். எடுக்கும் நாளையும் விடும் நாளையும் வாரநாளாக வையுங்கள். எடுத்த ஊரிலேயே திருப்பி விட்டால் ஒருவழிக் கட்டணமும் மிச்சம். கடைசி இரண்டு இரவு பாம்பெர்க்கில், கார் இல்லாமல்.

கிராமத்தில் ஒரே விடுதியில் இரண்டு மூன்று இரவு தங்கி, காரை நிறுத்திவிட்டு நடக்கும் நாளும் வேண்டும். ஔஃப்ஸெஸ் என்ற சிற்றூராட்சி அதற்கென்றே அமைந்தது போன்றது. சுமார் 1,300 பேர் வாழும் இடத்தில் நான்கு ப்ரூவரி. ஆள் எண்ணிக்கைக்கு அதிக ப்ரூவரி உள்ள ஊராகக் கின்னஸில் ஏறியது. நான்கையும் இணைக்கும் நடைபாதை சுமார் 14 கிலோமீட்டர், சுற்றி வந்து தொடங்கிய இடத்திலேயே முடியும். யார் ஓட்டுவது என்ற சண்டைக்கே இடமில்லாத நாள். ஒன்றே ஒன்று: ஒவ்வொன்றுக்கும் வார விடுமுறை வேறு வேறு. அதை ரூஹெடாக் என்பார்கள். திங்கள், செவ்வாய் அதிகம். பார்க்காமல் போனால் நான்கில் இரண்டு பூட்டிக்கிடக்கும். அறை போடும்போதே அந்த விடுதியின் ரூஹெடாக் என்றைக்கு என்று மின்னஞ்சலில் கேளுங்கள். அறை திறந்திருக்கும், அடுப்பு எரியாது, அடுத்த ஊர் 8 கிலோமீட்டர் என்று ஆனால் மாலையில் மறுபடி காரை எடுக்க வேண்டிவரும். மேலே சொன்ன கணக்கெல்லாம் அங்கேதான் உடையும்.

இனித் தொகை. விமானம் இருவருக்கும் ₹1,35,000 ஒதுக்குங்கள். ஷெங்கன் விசா ஆளுக்கு 90 யூரோ. சேவைக் கட்டணம், 30,000 யூரோ கவரேஜுக்குக் குறையாத காப்பீடு எல்லாம் சேர்த்து இருவருக்கும் ₹26,000. தங்க, கிராமத்தில் 6 இரவு 85 வீதமும் நகரத்தில் 4 இரவு 110 வீதமும் 950 யூரோ, அதாவது ₹99,750. ஆட்டோமேட்டிக் கார் 6 நாளுக்கு 360, பெட்ரோல் 600 கிலோமீட்டருக்கு 75, பார்க்கிங் 30: 465 யூரோ, ₹48,825. ரயிலும் நகரப் பேருந்தும் 110 யூரோ, ₹11,550. சாப்பாடும் பீரும் நாளுக்கு 70 வீதம் 700 யூரோ, ₹73,500. கூட்டினால் ₹3.95 லட்சம். எதிர்பாராத செலவுக்கென்று 8% கைக்காப்பு சேர்த்தால் ₹4.26 லட்சம். ஆர்.டி. முடியும் நாளில் உங்கள் கையில் ₹4.28 லட்சம் இருக்கும்.

70 யூரோவில் என்ன கிடைக்கும்? காலை உணவு அறையோடு வந்துவிடும். மதியம் 14 யூரோவுக்குள். நியூரம்பர்க்கில் விரல் பருமன் சாசேஜ் மூன்றை ரொட்டிக்குள் வைத்துத் தருவார்கள், நின்றுகொண்டே சாப்பிடலாம். மற்ற ஊர்களில் பேக்கரி. மாலைக்கு இரண்டு சாப்பாடு 32, நான்கு அரை லிட்டர் 18, தண்ணீருக்கும் டிப்ஸுக்கும் 6. தண்ணீர் என்றதும் நம் ஊர் டம்ளரை நினைக்காதீர்கள். பாட்டில் தண்ணீர்தான் வரும், விலையும் பீருக்குப் பக்கத்தில் நிற்கும். மெனுவில் உள்ள விலையிலேயே வரி அடக்கம், சர்வீஸ் சார்ஜ் கிடையாது. 5 முதல் 10 சதவீதம் கூட்டி முழுத் தொகையாகச் சொல்லிக் கொடுத்தால் போதும்.

சாப்பிட வேண்டியது ஷொய்ஃபெர்லா: எலும்போடு வாட்டிய பன்றித் தோள்கறி, மேலே மொறுமொறு தோல், பக்கத்தில் க்ளோஸ் என்ற உருளைக்கிழங்கு உருண்டை. பல கிராமங்களில் ஞாயிறு மதியம்தான் போடுவார்கள், 2 மணிக்குள் தீர்ந்துவிடும். அன்றைக்கு மட்டும் மதியத்தைப் பெரிதாக்கி இரவைச் சுருக்குங்கள், பட்ஜெட் மாறாது. செப்டம்பரில் கெண்டை மீன் பருவம் தொடங்கிவிடும். பாதி மீனை அப்படியே எண்ணெயில் பொரித்துத் தருவார்கள். பாம்பெர்க்கில் இறைச்சி அடைத்த வெங்காயம், அதோடு புகையில் உலர்த்திய மால்ட்டில் காய்ச்சிய ரௌக்பியர். முதல் மடக்கு கருவாட்டுச் சட்டியை நினைவூட்டும். இரண்டாவது கிளாஸில்தான் பிடிபடும், ஒன்றோடு எழுந்துவிடாதீர்கள். உங்களில் யாராவது இறைச்சி தவிர்ப்பவரானால் க்ளோஸ் மட்டும் கேட்டாலும் அது இறைச்சிச் சாற்றோடு வரும் என்பதைக் கவனியுங்கள்.

செலவு ஏறுகிற நாளில் கைகொடுப்பது கெல்லர். ப்ரூவரிகள் பீரைக் குளிர வைக்கக் குன்றுக்குள் குடைந்த நிலவறைகளின் மேலே, மரநிழலில் போட்ட பெஞ்சுகள். பல கெல்லர்களில் சாப்பாட்டை நீங்களே கொண்டுபோகலாம். பீரை மட்டும் அங்கே வாங்க வேண்டும். சூப்பர்மார்க்கெட்டில் ரொட்டி, சீஸ், முள்ளங்கி எல்லாம் 10 யூரோவுக்குள் முடியும். மழை பெய்தால் திறக்க மாட்டார்கள். ஞாயிறு கடைகள் பூட்டு என்பதால் சனிக்கிழமையே வாங்கி வையுங்கள். கடையில் பாட்டில் பீர் வாங்கினால் பில்லில் சில சென்ட் கூடுதலாகத் தெரியும். அது பாட்டில் முன்பணம்: சாதாரண பீர் பாட்டிலுக்கு 8 சென்ட், கேனுக்கு 25. காலி பாட்டிலைக் கடை இயந்திரத்தில் போட்டால் திரும்ப வரும்.

பணத்தை எப்படிக் கொண்டுபோவது? கிராமத்து விடுதிகளில் கார்டு வாங்காத இடங்கள் இன்னும் நிறைய. கார்டு படம் ஒட்டியிருந்தாலும் அது ஜெர்மன் வங்கிகளின் உள்நாட்டு ஜிரோகார்டு (girocard) இயந்திரமாக இருக்கலாம்; நம் விசா, மாஸ்டர்கார்டு அதில் ஓடாது. ஆகவே 500 யூரோ நோட்டாக, 50-க்கு மேல் போகாத தாள்களில். மீதிச் செலவை யூரோவில் ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டில் வையுங்கள். சாதாரண கிரெடிட் கார்டில் வெளிநாட்டுச் செலவுக்கு 3.5% மார்க்அப் கட்டணம், அதற்கு ஜி.எஸ்.டி சேர்த்து 4.13% போகும், ₹1.5 லட்சம் செலவுக்கு ₹6,195. இயந்திரம் ரூபாயிலா யூரோவிலா என்று கேட்டால் எப்போதும் யூரோ. ரூபாயை அழுத்தினால் அவர்கள் வைத்த மாற்று விலைதான், அதுவும் உங்களுக்குப் பாதகமாக. கிரெடிட் கார்டில் ஏ.டி.எம் பணம் எடுக்கவே வேண்டாம், அன்றிலிருந்தே வட்டி ஓடும்.

ஆனால் ஓர் இடத்தில் கிரெடிட் கார்டு இல்லாமல் முடியாது: கார் டெபாசிட். ஓட்டுபவர் பெயரிலேயே உள்ள கிரெடிட் கார்டைக் கேட்பார்கள். ஃபாரெக்ஸ் கார்டையும் டெபிட் கார்டையும் பல நிறுவனங்கள் ஏற்காது, முன்பணம் கட்டியிருந்தாலும் சாவி தர மாட்டார்கள். 300 முதல் 1,000 யூரோ வரை, சில சமயம் அதற்கும் மேலே, லிமிட்டில் பிடித்துவைப்பார்கள். ₹1.5 லட்சம் லிமிட் காலியாக இருக்கட்டும். வெளிநாட்டுப் பயன்பாட்டைக் கிளம்பும் முன் ஆப்பில் திறந்துவிடுங்கள். இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட்டுக்கு ஆர்.டி.ஓ.வில் ₹1,000. இருவருக்கும் எடுங்கள், ஆனால் வாடகை ஒப்பந்தத்தில் இரண்டாவது ஓட்டுநராகப் பெயர் சேர்த்தால்தான் அவரும் ஓட்டலாம். அதற்கு நாள் கட்டணம் உண்டு. இந்தச் செலவைத் தயங்காமல் செய்யுங்கள், கைக்காப்பிலிருந்து எடுக்கலாம். முந்தைய இரவு குறைவாகக் குடித்தவர் காலையில் ஓட்டலாம் என்ற வசதிக்குக் கொடுக்கும் விலை அது.

பேக்கேஜை விட்டால் இன்னொரு லாபமும் உண்டு. வெளிநாட்டு டூர் பேக்கேஜுக்கு முதல் ரூபாயிலிருந்தே டி.சி.எஸ். (விற்பவரே முன்கூட்டி வசூலிக்கும் வருமான வரி) பிடிப்பார்கள். நீங்களே ஃபாரெக்ஸ் வாங்கினால் நிதியாண்டுக்கு ஆளுக்கு ₹10 லட்சம் வரை டி.சி.எஸ். இல்லை. பிடித்தாலும் வரியில் கழித்துக்கொள்ளலாம்தான், ஆனால் பயணத்துக்கு முன் கையில் இருக்க வேண்டிய பணம் சில மாதம் முடங்கும்.

தேதியைச் செப்டம்பர் முதல் பாதியில் வையுங்கள். மூன்றாவது வாரவாக்கில் மியூனிக்கில் அக்டோபர்ஃபெஸ்ட் தொடங்கியதும் அங்கே 110 யூரோ அறை 250-ஐத் தாண்டும். திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவு அங்கே தங்க நேர்ந்தால் அந்த ஓர் அறையே கைக்காப்பில் பாதியைத் தின்றுவிடும்.

திரும்பி வரும்போது ஆளுக்கு 2 லிட்டர் மதுவரை சுங்கவரி இல்லை: நான்கு அரை லிட்டர் பாட்டில்கள். ரௌக்பியர் எடுத்துவருவதானால் செக்-இன் பெட்டியில், ஒவ்வொன்றையும் தனித்தனிச் சட்டைக்குள் சுற்றி வையுங்கள். பாட்டிலோடு சேர்த்து ஒன்று ஒரு கிலோவை ஒட்டும், எட்டுக்கு 7 கிலோவாவது விட்டுவைத்துவிட்டு மற்றதைப் பெட்டியில் அடுக்குங்கள்.