உபுண்டு மாற்றியதும் பழைய சி நிரல் பில்ட் ஆகாதது ஏன்?

திருப்பூர் நிட்டிங் யூனிட்டில் மெஷின் கணக்கெடுக்கும் சி நிரல் உபுண்டு 20.04-இல் எச்சரிக்கையோடு பில்ட் ஆனது, 22.04-இல் "சிஸ்/சிஸ்சிடிஎல்.எச் இல்லை" என்று நின்றுவிடுகிறது எனக் கேட்டிருந்தீங்க. அது கெர்னல் அமைப்புகளைப் படிக்கவும் மாற்றவும் உதவும் சிஸ்சிடிஎல் ஃபங்ஷனுக்கான ஹெடர் கோப்பு. அந்த ஹெடரையும் ஃபங்ஷனையும் 2020-இல் வந்த ஜிலிப்சி (லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரி) 2.32 நீக்கிவிட்டது, 22.04-இல் இருப்பது 2.35.

பழைய சிஸ்டத்திலிருந்து ஹெடரை நகலெடுத்து ஒட்டவைக்காதீங்க. கம்பைல் தாண்டினாலும், அந்த ஃபங்ஷனை அழைக்கும் நிரல், லைப்ரரியோடு இணைக்கும் லிங்க் கட்டத்தில் நின்றுவிடும். முதலில் கிரெப் (கோப்புகளில் சொல்லைத் தேடும் கட்டளை) போட்டு, நிரல் சிஸ்சிடிஎல்லை எங்காவது அழைக்கிறதா பாருங்க. பல நிரல்களில் ஹெடரைச் சேர்க்கும் இன்குளூட் வரி மட்டுமே மிச்சமிருக்கும். அதை எடுத்தாலே போதுமுங்க. அழைத்தால், கெர்னல் அமைப்புகளைக் காட்டும் /பிராக்/சிஸ் அடியிலுள்ள உரிய கோப்பைப் படிக்கும்படி மாற்றுங்க.

முன்பே பில்ட் செய்த பழைய பைனரி ஓடுகிறதே என்று நம்ப வேண்டாம். அப்படிப்பட்ட பைனரிகளுக்காகவே சிஸ்சிடிஎல் என்ற பெயர் ஜிலிப்சிக்குள் இருக்கிறது, ஆனால் அழைத்தால் எப்போதும் ஈநோசிஸ் (அந்த வசதி இல்லை) பிழைதான். திரும்பி வரும் மதிப்பைச் சோதிக்காத நிரல் தப்பான எண்ணோடு ஓடிக்கொண்டே இருக்கும்; பில்ட் நிற்பதைவிட இதுதான் ஆபத்து.