ஜன்னல் கம்பிக்குப் பின்னால் நிற்கும் பூனை ஏன் துண்டு துண்டாகத் தெரிவதில்லை?

"பூனை எப்படி இருக்கும் என்று மூளைக்குத் தெரியும், அதனால் நிரப்பிக்கொள்கிறது" என்பது வழக்கமான பதில். பாதிதான் சரி. பெரும்பகுதி வேலை விளிம்புகளிலேயே முடிந்துவிடுகிறது.

பூனையின் முதுகுக் கோடு கம்பியில் முட்டி நிற்கிறது. கம்பியின் விளிம்போ நிற்காமல் போகிறது. இரண்டும் சேரும் இடம் ஆங்கில 'டி' எழுத்துப் போல இருக்கும். நிற்காமல் போகும் விளிம்பு முன்னால் இருக்கும் பொருளுடையது. முட்டி நின்ற கோடு அதன் பின்னால் தொடர்கிறது. பார்வை மண்டலம் இப்படித்தான் எடுத்துக்கொள்கிறது.

எந்தக் கோடு எதோடு சேரும்? 1991இல் உளவியலாளர்கள் கெல்மனும் ஷிப்லியும் ஒரு விதி சொன்னார்கள்: மறைந்த இரு முனைகளையும் அதனதன் போக்கில் நீட்டினால் சந்திக்க வேண்டும்; வளைவு 90 பாகையைத் தாண்டக் கூடாது. இணையாக இருந்தும் ஒன்றுக்கொன்று மிகவும் விலகிய கோடுகள் சேராது.

வீட்டிலேயே சோதிக்கலாம். உளவியலாளர் பிரெக்மன் 1981இல் காட்டியது இது. கணினியில் நான்கைந்து எழுத்துகளைப் பெரிதாக, கறுப்பில், சாய்த்தும் கவிழ்த்தும் போடுங்கள். அவற்றின்மீது மைக் கறை போல ஒழுங்கற்ற சிவப்புத் திட்டு வரையுங்கள். எழுத்துகளைப் படிக்க முடியும். இப்போது திட்டை மட்டும் வெள்ளையாக்குங்கள். மிச்சமிருப்பவை வெறும் சில்லுகள். எழுத்தின் ஒரு புள்ளிகூட மாறவில்லை. மறைப்பது கண்ணுக்குத் தெரியாததால், வெட்டுப்பட்ட ஓரங்களைச் சில்லுகளின் சொந்த ஓரங்கள் என்று பார்வை எண்ணிவிடுகிறது. அடுத்தவரிடம் காட்டும்போது வெள்ளைப் படத்தையே முதலில் காட்டுங்கள். விடை தெரிந்தபின் சில்லுகளையும் படித்துவிடுவார்கள். திட்டும் கறுப்பாக இருந்தால் சோதனை சொதப்பும்: எழுத்து எங்கே முடிகிறது என்றே தெரியாது, 'டி' சந்திப்பும் உருவாகாது.

அறிவைவிட விளிம்பு பலசாலி என்பதற்கு இன்னொன்று. தூணின் ஒரு பக்கம் ஒரு மாட்டின் தலை, மறுபக்கம் வேறொரு மாட்டின் வால். இரண்டு மாடுகள் என்று தெரிந்தும், கண்ணுக்குத் தெரிவது அசாத்திய நீளமான ஒரே மாடு!

பூனை நடந்தால் வேலை இன்னும் சுலபம், துண்டுகள் சேர்ந்தே நகர்வதால். 1983இல் கெல்மனும் இன்னொரு உளவியலாளரான ஸ்பெல்கியும் 4 மாதக் குழந்தைகளிடம் இதைப் பார்த்தார்கள். கட்டைக்குப் பின்னால் ஒரு தடி அசைந்தபோது குழந்தைகள் அதை முழுத் தடியாகவே கொண்டார்கள். பிறகு முழுத் தடியையும் நடுவில் உடைந்த தடியையும் காட்டியபோது, உடைந்ததுதான் புதிது என்பதுபோல அதையே அதிக நேரம் பார்த்தார்கள். தடி அசையாமல் இருந்தபோது அந்த வேறுபாடு இல்லை.