பயறுச் செடியின் வேரில் முடிச்சுகள்: நோயா, நன்மையா?

கேள்வி: பூக்கும் நிலையிலிருந்த தட்டைப்பயறுச் செடி ஒன்றைப் பிடுங்கியபோது வேரெங்கும் சிறு முடிச்சுகள் இருந்தன. இது நோயா? மற்றச் செடிகளையும் அகற்ற வேண்டுமா?

பதில்: அவசரப்பட்டு அகற்ற வேண்டாம். ஒரு முடிச்சை நகத்தால் நெருடிப் பாருங்கள். வேரின் பக்கவாட்டில் ஒட்டியிருந்து எளிதில் உதிர்ந்தால், அது ரைசோபியம் வகைப் பாக்டீரியாக்கள் குடியிருக்கும் வேர்முடிச்சு. அதை இரண்டாக வெட்டினால் உள்ளே இளஞ்சிவப்பு நிறம் தெரிய வேண்டும்.

அந்த நிறத்தைத் தருவது, நம் குருதியிலுள்ள ஹீமோகுளோபினுக்கு உறவான லெக்ஹீமோகுளோபின் என்னும் புரதம். காற்றில் ஏறத்தாழ 78 விழுக்காடு நைட்ரஜன் இருந்தும் செடியால் அதை நேரடியாகப் பயன்படுத்த இயலாது; பாக்டீரியாவின் நைட்ரஜனேஸ் நொதியே அதை அம்மோனியாவாக மாற்றிக் கொடுக்க, பதிலுக்குச் செடி தன் இலைகளில் உருவான உணவில் ஒரு பங்கை வேருக்கு அனுப்புகிறது. சிக்கல் என்னவென்றால், ஆக்சிஜன் பட்டால் அந்த நொதி கெட்டுவிடும். பாக்டீரியா சுவாசிப்பதற்கோ ஆக்சிஜன் வேண்டும். லெக்ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பற்றிக்கொண்டு தேவையான அளவே விடுவிப்பதால் இரண்டும் நடக்கின்றன. ஆகவே இளஞ்சிவப்பு நிறமே முடிச்சு வேலை செய்வதற்கு நம்பகமான அடையாளம். வெண்மையானவை இளம் முடிச்சுகளாகவோ பயனற்றவையாகவோ இருக்கலாம். பச்சையும் பழுப்பும் முதிர்ந்து ஓய்ந்தவை.

மாறாக, வேரே ஆங்காங்கே வீங்கியிருந்து, பிய்த்தால் வேரும் சேர்ந்து அறுபடுமானால், வேர்முடிச்சு நூற்புழுவின் தாக்குதலாக இருக்கலாம். இந்த நுண்ணிய புழு வேர் நுனியருகே நுழைந்து, நீரும் உணவும் கடத்தும் திசுவுக்குள் சில செல்களை மிகப் பெரிதாக வளர வைத்து, அவற்றிலிருந்தே உறிஞ்சி வாழ்கிறது. மண்ணில் ஈரம் இருந்தும் செடி நண்பகலில் வாடுவது இதனால்தான். தக்காளியிலும் கத்தரியிலும் ரைசோபியம் முடிச்சு உருவாவதே இல்லை என்பதால், அவற்றின் வேரில் முடிச்சு தென்பட்டால் முதலில் நூற்புழுவைத்தான் நினைக்க வேண்டும். பயறு வகைகளில் இரண்டும் ஒரே செடியில் இருக்கக்கூடும். எனவே ஒரு முடிச்சோடு நிறுத்தாமல் பலவற்றைச் சோதியுங்கள். அடுத்த முறை பிடுங்காமல் மண்ணோடு தோண்டி எடுத்து நீரில் அலசுங்கள். இழுத்தால் நல்ல முடிச்சுகள் மண்ணிலேயே உதிர்ந்துவிடும்.

ரைசோபியம் என்று உறுதியானால் யூரியா இட வேண்டாம். மண்ணில் நைட்ரேட் மிகுந்தால் செடி முடிச்சு உருவாவதைக் குறைத்துக்கொள்ளும். அறுவடைக்குப் பின் தண்டை மட்டும் வெட்டி, வேரை மண்ணிலேயே மட்கவிடுங்கள். நூற்புழு என்றால் வேரோடு அகற்றி, உரக்குழியில் போடாமல் அழித்துவிட்டு, அந்த இடத்தில் அடுத்த பருவத்தில் தக்காளி, கத்தரி, வெண்டை ஆகியவற்றைத் தவிருங்கள்.