என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழி ஃபைல் பகிர்வு) சர்வரில் எழுதிய ஃபைலின் கடைசிப் பகுதி காணவில்லை, ஆனால் பிழை எதுவும் வரவில்லை. எங்கே தேடுவது?

கேள்வி சுருக்கமாக: சி மொழியில் சொந்தமாக எழுதிய என்எஃப்எஸ் 3 சர்வர். லினக்ஸ் கிளையன்ட்டிலிருந்து காப்பி செய்தால் வெற்றி என்கிறது. சர்வர் டிஸ்க்கில் பார்த்தால் ஃபைல் சில கேபி குறைகிறது. டிஸ்க் நிரம்பும் நேரத்தில் மட்டும் இப்படி.

ரைட் கோரிக்கைக்கான பதிலில் கவுன்ட் என்று ஓர் இடம் இருக்கிறதே, அதில் எதைப் போடுகிறீர்கள் என்று முதலில் பாருங்கள். கோரிக்கையில் வந்த எண்ணையே திருப்பி அனுப்பினால் கோளாறு அங்கேதான். ஃபைலில் எழுதும் பிரைட் (pwrite) சிஸ்டம் கால் திருப்பித் தந்த எண்தான் போக வேண்டும். கேட்டதைவிடக் குறைவாக எழுத சர்வருக்கு ஆர்எஃப்சி 1813 (என்எஃப்எஸ் 3-இன் விதி ஆவணம்) அனுமதி தருகிறது. மிச்சத்தை கிளையன்ட் மறுபடி அனுப்பும். குறைந்தது என்று நீங்கள் சொன்னால்தானே அனுப்பும்? (பழைய என்எஃப்எஸ் 2 பதிலில் இந்த எண்ணுக்கு இடமே கிடையாது. முழுக்க எழுது, இல்லாவிட்டால் பிழை சொல், அவ்வளவுதான்.)

உண்மையான டிஸ்க்கை நிரப்பிப் பார்க்க வேண்டாம். 1000 கேபி அளவில் ஒரு டெம்ப்எஃப்எஸ் (நினைவகத்தில் இயங்கும் ஃபைல் சிஸ்டம்) மவுன்ட் செய்து, அதை சர்வரின் சேமிப்பிடமாகக் கொடுங்கள். கிளையன்ட்டில் ரைட் அளவை 65536 ஆக வைத்து மவுன்ட் செய்து, ரேண்டம் டேட்டா உள்ள 1 எம்பி ஃபைலை டிடி கட்டளையால் 64 கேபி பிளாக்காக, டைரக்ட் முறையில் (கிளையன்ட்டின் கேஷைத் தவிர்த்து) எழுதுங்கள். வெறும் பூஜ்யங்களை எழுதினால் பாதிப் பிழைகள் கண்ணுக்கே தெரியாது.

முதல் 15 பிளாக் முழுதாகப் போகும்: 983040 பைட். 16-ஆவது பிளாக்கில் 40960 பைட்டுக்கு மட்டுமே இடம் இருக்கும். சரியான சர்வர் 40960 என்று பதில் தரும், கிளையன்ட் திரும்ப வரும், அப்போது 'இடமில்லை' என்ற பிழை டிடி வரை போய்ச் சேரும். உங்கள் சர்வர் 65536 என்று சொன்னால் டிடி சந்தோஷமாக முடிந்துவிடும். ஃபைல் 1024000 பைட்டில் நிற்கும். 24576 பைட் சத்தமில்லாமல் போயிற்று.

"லூப் போட்டு முழுதும் எழுதிவிடுகிறேனே" என்றால், போடலாம், நல்லதுதான். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் மூன்றை நகர்த்த வேண்டும்: பஃபர் முகவரி, மிச்ச அளவு, ஆஃப்செட். பலர் மறப்பது ஆஃப்செட்டை. மறந்தால் மேலே சொன்ன சோதனையில் இரண்டாவது சுற்று, ஏற்கெனவே எழுதிய பக்கங்களின் மேலேயே எழுதி வெற்றி என்று திரும்பும். இரு ஃபைல்களை ஒப்பிடும் சிஎம்பி கட்டளை முதல் வேறுபாட்டை 983041-ஆவது பைட்டில் அல்லது அதை ஒட்டிக் காட்டினால் இதுதான் காரணம். வேறுபாடே இல்லாமல் ஃபைல் 1024000-இல் முடிந்தால் கவுன்ட் பிழை.

லூப்பின் நடுவில் பிழை வந்தால்? ஒரு பைட்டாவது எழுதியிருந்தால் பிழையை விழுங்கிவிட்டு, எழுதிய அளவோடு வெற்றி என்றே பதில் கொடுங்கள். அடுத்த கோரிக்கையில் அதே பிழை தானாக வரும். சிக்னல் குறுக்கிட்டது என்றால் (எண் 4) திரும்ப முயலுங்கள். ஒன்றுமே எழுதாமல் 'வெற்றி, 0 பைட்' என்று மட்டும் அனுப்பாதீர்கள். லினக்ஸ் கிளையன்ட் அதை ஐஓ பிழையாக எடுத்துக்கொள்ளும்.

லினக்ஸ் தரும் பிழை எண்ணை அப்படியே கிளையன்ட்டுக்கு அனுப்புகிறீர்களா? 'இடமில்லை' இரண்டு பக்கமும் 28 என்பதால் சோதனையில் தப்பித்துவிடும். கோட்டா (பயனருக்கு ஒதுக்கிய இடம்) தீர்ந்தது என்பது லினக்ஸில் 122, என்எஃப்எஸ்ஸில் 69. மாற்று அட்டவணை ஒன்று கட்டாயம் வேண்டும்.

அன்ஸ்டேபிள் ரைட் (டிஸ்க்குக்குப் போகும்வரை காத்திராமல் பதில் தரக்கூடிய ரைட்) விஷயத்தில் ஒரு குழப்பம் வரும். குறைவாக எழுதியதாக நீங்கள் சொன்னதும், லினக்ஸ் கிளையன்ட் மிச்சத்தை மட்டும் அனுப்பாது. முழு 65536-ஐயும் ஃபைல்சிங்க் (டிஸ்க்கில் பதிந்த பிறகே பதில் தா) என்று குறித்துத் திரும்ப அனுப்பும். நெட்வொர்க் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப்பில் ஒரே ஆஃப்செட் இருமுறை வந்தால் பயப்படாதீர்கள். ஆனால் ஃபைல்சிங்க் கேட்டால் எஃப்சிங்க் (டேட்டாவை டிஸ்க்கில் பதிக்கும் கால்) முடிந்த பிறகுதான் பதில் போக வேண்டும். எஃப்சிங்க் தோற்றால் அதையே இன்னொரு முறை கூப்பிட்டு நம்பாதீர்கள்: கெர்னல் அந்தப் பக்கங்களைச் சுத்தமானவை என்று குறித்திருக்கலாம், இரண்டாவது முறை வெற்றி வரும். பிழையைத் திருப்பி அனுப்பி, 8 பைட் ரைட் வெரிஃபையரையும் (சர்வர் டேட்டாவை இழந்ததா என்று கிளையன்ட் கண்டுகொள்ளும் அடையாளம்) மாற்றுங்கள். கமிட் ஆகாதவற்றை (டிஸ்க்கில் பதிந்ததாக இன்னும் உறுதி பெறாதவற்றை) கிளையன்ட் தானே மறுபடி அனுப்பும்.

பதிலில் போகும் ஃபைல் அளவையும் ஆஃப்செட்டோடு கவுன்ட்டைக் கூட்டிக் கணக்கிடாமல், எழுதி முடித்தபின் எஃப்ஸ்டாட் (ஃபைலின் விவரம் தரும் கால்) செய்து எடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் அளவு சரியாக இருந்து உள்ளே மட்டும் குப்பை என்றால், ரைட் பக்கத்தை விட்டுவிட்டு ரிசீவ் பக்கம் போங்கள். டிசிபியில் ஒரு ரிசீவ் முழு கோரிக்கையையும் தரும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. முதல் 4 பைட்டில் இருக்கும் நீளத்தைப் படித்து (மேல் பிட் கடைசித் துண்டு என்பதற்கான அடையாளம், அதை நீக்கிவிட்டு), அத்தனை பைட்டும் சேரும்வரை படித்த பிறகே டீகோட் செய்ய வேண்டும். ஒரே மெஷினில் சோதித்தால் இந்தக் கோளாறு பெரும்பாலும் தலைகாட்டாது.